மூச்சறிந்த பாவலர் சங்கரதாசு சுவாமிகள்

தூத்துக்குடிக் கரையில் மூச்சு என்பது ஒரு தொழிற்கருவியாக இருந்தது. கல்லின் துணையோடு கடலடிப் பாரில் இறங்கிய முத்துக்குளிப்போர், ஒரு நிமிடத்திற்குச் சற்று முன்பின்னாக மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலெழுந்தனர். 1955-இல் தொடங்கி நடந்த முத்துச் சலாபங்கள் 1961-உடன் நின்றுபோயின. சங்கு குளிப்போரிடத்தே அந்த மூச்சுப் பழக்கம் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. குளிப்பவனுக்கு மூச்சை அடக்கத் தெரிந்தால் போதும். பாடுகின்றவனுக்கோ அடக்கவும் தெரியவேண்டும். அடக்கியதைச் சிறுகச் சிறுகச் செலவிடவும் தெரியவேண்டும். அவ்வாறு செலவிடும் கலையை ஒரு தலைமுறைச் சிறுவர்களின் நெஞ்சுக்குள் வைத்தவர் இதே மண்ணில் பிறந்த தவத்திரு சங்கரதாசு சுவாமிகள்.

சுவாமிகளை நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என்று நாடறியும். அவருடைய நாடகத் தொண்டைப் பற்றி எழுதியோர் பலர். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வாழ்வை நான் எழுதப் புகுந்தது வேறொரு நோக்கம் கருதி. இவ்வட்டத்திற் பெரும்பாலோர் பாவலர். நம் கவிதைகளோ பெரும்பாலும் கண்ணுக்காக எழுதப்பெறுபவை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், நள்ளிரவில், பத்து வயதுச் சிறுவன் பாடினால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் உழவனுக்குச் சொல் சொல்லாக விளங்கவேண்டும் என்னும் கட்டாயத்தில் எழுதிய ஒரு பாவலரை நாம் நினைத்துப் பார்ப்பது நலம்.

1867-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்குப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். தந்தையார் இராமாயணப் புலவர் எனப் பெயர் பெற்றவர். எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னரே, வாய்விட்டுச் சொல்லப்படும் செய்யுளைக் கேட்டு வளரும் பேறு அப்பிள்ளைக்கு வாய்த்தது. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் பயின்றார். உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். பிற்காலத்தில் உடுமலை நாராயணகவியை உருவாக்கியவர் அவரே.

அந்தப் படிப்பில் இலக்கணமும் இருந்தது. பிறப்பியல் படித்தவர்க்கு ஒன்று தெரியும். எழுத்து வாயில் பிறப்பதாகத் தமிழ் இலக்கணம் கூறவில்லை. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பின்னரே நாவும் இதழும் பல்லும் அண்ணமும் தொழிற்பட எழுத்தாகிறது என்று தொல்காப்பியர் வகுத்தார். ஒலி நூலார் இன்று கருவி கொண்டு அறிவதும் இதற்கு அதிகம் விலகியதன்று. விலா எலும்புகளின் அடியில் கூரைபோல் வளைந்து கிடக்கும் உதரவிதானம் கீழிறங்கக் காற்று உட்புகுகிறது. அது மெல்ல மெல்ல மேலேறும்படி வயிற்றுத் தசைகள் காவல் நின்றால் குரல் நீளும். காவல் தளர்ந்தால் காற்று மொத்தமாக வெளியேறி, மிச்சத்தைத் தொண்டை தாங்கவேண்டி வரும். தொண்டையை இறுக்கிப் பாடுபவர் குரல் கமறுவது இதனாலேதான். இலக்கணப் பாடத்தை நாம் மனப்பாடம் செய்து மறந்தோம். சுவாமிகள் அதை மேடையில் சோதித்துப் பார்க்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

உடனே வந்துவிடவில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றில் சில காலம் கணக்கு எழுதினார். உப்பு மூட்டைகளை எண்ணிய அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1891-இல், தம் 24-ஆம் வயதில், கணக்கேட்டை மூடிவிட்டு நாடகத் துறையிற் புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒருபுறம் கற்றவர் கூடிப் பொழுதுபோக்காக நடித்த உரைநடை நாடகம். மறுபுறம் வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் ஊராய்ச் சென்ற பாட்டு நாடகம். இரண்டும் ஒரே ஆண்டில் இரு பெரியோர் கைக்கு வந்தன. பாட்டு மிகுதி என்று பின்னாளில் முன்னதன் அன்பர்கள் பின்னதைக் குறை கூறினர். ஆயிரம் பேர் திரண்ட திறந்தவெளியில் வெறும் பேச்சு பத்தாவது வரிசையோடு நின்றுவிடும். சுருதி பிடித்த பாட்டு ஊர் எல்லைவரை போகும். பாட்டு அந்த நாடகத்திற்கு அணிகலன் அன்று; அதுவே அதன் ஒலிபெருக்கி.

சுவாமிகள் முதலிற் சேர்ந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் குழுவில். நடிகராகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய கொடிய வேடங்களே அவருக்கு அமைந்தன. ஆகிருதியும் குரலும் அத்தகையன. சாவித்திரி நாடகத்தில் எமனாக முழங்கிக்கொண்டு வந்தபோது அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது என்றும், சனீசுவரன் வேடம் கலைக்க விடியற்போதில் நீர்த்துறைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும் நாடக உலகத்தார் சொல்லி வருகின்றனர். அதன்பின் சுவாமிகள் வேடம் புனைவதையே விட்டார். சூத்திரதாரராக நின்றார், ஆசிரியராக அமர்ந்தார். இந்தச் செய்தியைச் சிலர் அவருடைய நடிப்புத் திறனுக்குச் சான்றாகப் பெருமையோடு கூறுவர். எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை. தம் குரல் ஓர் உயிரைப் பறித்ததாக நம்பிய ஒரு மனிதர் அக்குரலைத் தாமே கட்டிவைத்தார் என்பதுதான் அதன் பொருளாகத் தோன்றுகிறது. அதன்பிறகு அவர் பாடியவையெல்லாம் பிறர் வாயாற் பாடியவையே.

இடையில் துறவுள்ளம் மேலிட்டது. நாடகத்தை விட்டுத் தலங்கள் தோறும் நடந்தார். சுவாமிகள் என்னும் பெயர் நிலைத்தது அவ்வாழ்வினாலேயே. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அந்த அலைச்சல் அவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுசேர்த்தது. அங்கே மான்பூண்டியா பிள்ளை இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் அமரவைத்த லய மேதை. அவர் சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றார் என்பர். தாள நுட்பங்களையும் சந்தக் கட்டுப்பாட்டையும் சுவாமிகள் கைவரப் பெற்றது அங்கேதான். மீண்டும் நாடகத்திற்குத் திரும்பியதும் அவருடைய வற்புறுத்தலால்தான்.

இந்தப் புதுக்கோட்டை வாசத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். பழனியில் அவர் கற்றது அசையும் சீரும். புதுக்கோட்டையில் கற்றது இடைவெளி. லயக்காரர் கணக்கிடுவது அடியை மட்டுமன்று. இரண்டு அடிகளுக்கு நடுவே கை சும்மா இருக்கும் காலத்தையும் அவர் கணக்கிடுகிறார். கார்வை என்பதும், எடுப்பு தள்ளி விழுவதும் அந்தச் சும்மா இருக்கும் காலத்தால் அமைவனவே. பாடுகின்றவனுக்கு அக்காலம் மூச்சு வாங்கும் காலம். சொல்லைக் கணக்கிடத் தெரிந்த புலவர், சொல் இல்லாத இடத்தையும் கணக்கிடத் தெரிந்துகொண்டது மான்பூண்டியா பிள்ளையின் திண்ணையில்தான் என்று நான் கருதுகிறேன்.

திரும்பி வந்தவர் பல குழுக்களுக்கு ஆசிரியரானார். அக்காலப் பெரிய நடிகர்களின் போக்கு அவருக்கு ஒவ்வவில்லை. ஒத்திகை இல்லாமல் மேடையேறி, கதையை மறந்து, ஒருவரையொருவர் பாட்டால் மடக்கிக் கைதட்டல் வாங்குவது பெருகிற்று. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னது சிறுவர்களே நடிக்கும் சபை. முன்னதிற் பயின்றவர்களுள் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா ஒருவர். பின்னதில் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களாகிய டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தனர். தி. க. சண்முகத்திற்கு அப்போது வயது 6.

இங்கேதான் மூச்சின் கதை உண்மையில் தொடங்குகிறது. நாடகம் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். காற்றில்லாத தகரக் கொட்டகை அல்லது காற்று மிகுந்த பொட்டல். நடிப்பவர் சிறுவர். வளர்ந்த ஆணொருவன் நிறைய இழுத்து விடும் மூச்சு 4 லிட்டருக்கு மேலிருக்கும். பத்து வயதுப் பையனுக்கு ஏறத்தாழ அதிற் பாதிதான். ஆனால் அவனைப் பாடச் சொன்ன சுருதியோ உச்சியில். நான்கரைக் கட்டை, ஐந்து கட்டை என்பது அன்றைய நாடக மேடையின் இயல்பு. ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ஆதார சட்சமாக வைத்து, அதற்கு மேல் தாரத்தில் ஏறவேண்டும். இன்றைய கச்சேரிகளில் ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டையை ஒட்டியே பாடுகின்றனர். ஒலிவாங்கி முன்னால் இருக்கும்போது அதற்கு மேல் தேவையும் இல்லை.

குறைந்த காற்று, நிறைந்த சுருதி, நீண்ட இரவு. இம்மூன்றுக்கும் நடுவே நின்று எழுதினார் சுவாமிகள். பாய்ஸ் கம்பெனிகளில் விடியற்காலையில் எழுப்பிச் சாதகம் செய்விப்பது வழக்கம். அகாரத்தில் சுரங்களை நிறுத்தி நிறுத்திப் பாடுவதும், மந்தரத்தில் குரலை இறக்கி நிற்பதும் மூச்சைப் பழக்குவதற்கே. இது எல்லாக் கம்பெனிகளிலும் இருந்தது. சுவாமிகளிடம் கூடுதலாக இருந்தது அவர் பாட்டு.

அவருடைய தர்க்கப் பாட்டுகளைப் பாருங்கள். வள்ளியும் வேடனும் வாதாடுகின்றனர். ஒருவர் ஓரடி எடுத்தால் மற்றவர் மறுவடி எடுக்கிறார். வாதம் சூடேற ஏற அடிகள் குறுகுகின்றன. கேட்பவருக்கு இது சொற்போர். பாடுபவருக்கு, எதிரி பாடும் நேரம் முழுவதும் மூச்சு நிரப்பிக்கொள்ளும் நேரம். இரண்டு சிறிய நெஞ்சுகள் சேர்ந்து ஒரு பெரிய நெஞ்சின் வேலையைச் செய்கின்றன. சிந்துகளை அவர் மிகுதியாக எடுத்தாண்டதற்கும் இதைக் காரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. சிந்தில் தனிச்சொல் வந்து நிற்கும் இடம் இயல்பாகவே மூச்செடுக்கும் இடம், பாவலர்கள் அறிவீர்கள். விருத்தத்தில் தாளக் கட்டு இல்லை; அடி முடிவில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். மேடைக்கு வரும் பாத்திரம் திரைக்குள்ளிருந்தே விருத்தம் எடுப்பது வெறும் மரபு என்று எண்ணியிருந்தேன். இரவின் முதற்பாட்டில் குரல் இன்னும் சூடேறாத சிறுவனுக்கு அது எவ்வளவு இரக்கமுள்ள ஏற்பாடு என்பது பின்னரே விளங்கிற்று.

இன்னொன்று, மொழியே அவருக்குத் துணை நின்றது. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. மொழிக்கு இறுதியாகும் எழுத்துகள் 24 என நன்னூலார் தொகுத்தபோது, அவற்றில் 12 உயிர், 11 மெல்லினமும் இடையினமுமாகிய மெய், எஞ்சியது குற்றியலுகரம். அதாவது தமிழ்ச் சொல் எதுவும் மூச்சைப் பட்டென்று அறுத்து முடிவதில்லை. நெடிலில் நீளலாம், மகர னகரத்தில் மூக்கில் முரலலாம், லகர ளகரத்தில் நழுவலாம். தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் ஆலோலம் என்னும் ஒற்றைச் சொல்லை எண்ணுங்கள். வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஆகாரம் திறக்கிறது, ஓகாரம் எறிகிறது, மகரம் இறக்கி வைக்கிறது. புனத்தின் மறுகோடிக்குக் கேட்கவேண்டிய கூவல் அது. சுவாமிகள் படைத்த சொல்லன்று. ஆனால் அதை எங்கே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், கொடை விழாவில் வள்ளி திருமணம் பார்த்தேன். நள்ளிரவு கடந்து மின்சாரம் போயிற்று. மைக்கும் விளக்கும் ஒருங்கே அணைந்தன. வள்ளியாக நடித்த அம்மையார் பாட்டை நிறுத்தவில்லை. கூட்டம் தானே அடங்கிற்று. நான் நின்றிருந்த புளியமரம் மேடையிலிருந்து நூறு அடிக்குக் குறையாது. ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. மின்சாரம் திரும்பி மைக் கரகரத்தபோதுதான் சொற்கள் குழம்பின. அன்று வீட்டுக்கு வந்து அச்சுப் பிரதியை எடுத்து அதே பகுதியை வாய்விட்டுப் படித்தேன். முன்பு மனத்துக்குள் படித்தபோது மிகையாகத் தோன்றிய அடைமொழிகளும் திரும்பி வரும் விளிகளும் இப்போது மூச்சு மாற்றும் படிகளாக இருந்தன. எல்லாவற்றையும் இவ்வாறு நியாயப்படுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதுகைக்காக இழுத்து வரப்பட்ட சொற்களும் அவரிடம் உண்டு; விரைந்து எழுதியதன் தழும்புகள் உண்டு. 40 நாடகங்களுக்கு மேல் எழுதியவர். சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தவர். அப்படி எழுதுபவர் அடித்துத் திருத்த அமர்ந்திருக்க முடியாது.

இவ்வளவு கூறிய பின் மகரக்கட்டைப் பற்றிக் கூறாதிருப்பது நேர்மையாகாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல்வளை வளர்ந்து குரல் உடைவதை நாடகக்காரர் அப்பெயரால் வழங்கினர். ஸ்திரீபார்ட் பாடிக் கைதட்டல் வாங்கிய சிறுவன் ஒருநாள் தாரத்தில் ஏறும்போது குரல் பிளந்து நிற்பான். நேற்றுவரை கம்பெனியின் செல்லப்பிள்ளை. இனி அவனுக்கு என்ன வேடம் என்று யாருக்கும் தெரியாது. குரல் திரும்பி வந்து இராஜபார்ட் ஆனவர் சிலர். திரை இழுக்கவும் எடுபிடி வேலைக்கும் போனவர் பலர். உடைந்துகொண்டிருக்கும் குரலை ஐந்து கட்டையில் வற்புறுத்தினால் அது நிரந்தரமாகவே கெடும். பாட்டாசிரியர்கள் பலர் இதை அறிந்தும் வசூலுக்காக வற்புறுத்தினர். சிறுவர் நாடகம் என்பது சிறுவர்களின் தொண்டையை முதலாக வைத்து நடந்த வணிகம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சுவாமிகள் கண்டிப்பானவர்; பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்கினர். ஆயினும் அந்தச் சிறிய நெஞ்சுகளுக்குத் தாங்குமளவு பார்த்துச் சொல்லை நிறுத்தியவரும் அவரே. கண்டிப்பும் பரிவும் ஒருவரிடத்தே இப்படிப் பிரிந்து, ஒன்று கையிலும் மற்றொன்று பாட்டிலும் இருந்தன.

அந்தப் பள்ளியின் குரலுக்கு உச்சம் கிட்டப்பா. 1926-இல் இலங்கை மேடையில் கே. பி. சுந்தராம்பாளும் அவரும் முதன்முறை சேர்ந்து நடித்தபோது, ஒலிபெருக்கியே இல்லாத மேடையில் இரண்டு வானளாவிய குரல்கள் எதிர்நின்றன. அப்போது சுவாமிகள் இல்லை. கிட்டப்பாவும் 1933-இல் 27 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டுகளில் பேசும்படமும் ஒலிவாங்கியும் பரவின. காற்றைச் சிக்கனமாகச் செலவிட்டு ஊருக்கெல்லாம் கேட்கச் செய்யும் தேவை மெல்ல மறைந்தது.

சுவாமிகளின் முடிவுக்கு வருகிறேன். 1921-இல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. கை கால்கள் முடங்கின, பேச்சும் போயிற்று. எமனாக முழங்கிய குரலை முன்பு தாமே கட்டிவைத்தார். இப்போது கட்டிவைக்கவும் ஒன்றுமில்லை. அந்நிலையிலும் அவர் சபையை விட்டு ஒதுங்கி வாழவில்லை. பிள்ளைகளோடு ஊர் ஊராகச் சென்றார். பாட்டு அவருடையது, சந்தம் அவருடையது, மூச்சு நிற்கும் இடங்களும் அவர் குறித்தவை. திருத்தம் சொல்லத்தான் சொல் இல்லை. இரவு தோறும் கொட்டகைக்குள்ளிருந்து அப்பாட்டுகள் ஒலித்துக்கொண்டிருக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

1922 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு, புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தனர். அகவை 55. ஒரே இரவில் எழுதிய நாடகத்தில் அபிமன்யுவாக அவர் மேடையேற்றிய சண்முகத்திற்கு அன்று வயது 10. மகரக்கட்டு வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.